உருண்டையில் எண்ணிய கோடுகள்

சங்க மலரில் போட ஏதாவது எழுதிக் கொடு என்று சங்கத்திலிருந்து போன் வந்தபோது டிசம்பர் நடுப்பகுதி, மாலை நாலரை மணி, ஜன்னலுக்கு வெளியே கும்மிருட்டு. உடனே ஞாபகம் வந்தது ஒன்பதாம் வகுப்பில் புவியியல் சார் மேசைமேல் வைத்த உலக உருண்டைதான்.

குளிர்காலத்தில் பகல் ஏன் குறைகிறது என்ற தேர்வுக் கேள்விக்கு, "சூரியன் தூரமாகப் போய்விடுவதால்" என்று எழுதியிருந்தேன். சார் சிவப்பு மையில் சுழித்து, பக்கத்தில் "அப்போ தெற்கே?" என்று இரண்டே சொல் எழுதி சைபர் போட்டிருந்தார். வடக்கே குளிர்காலம் என்றால் தெற்கே கோடை, தூரம்தான் காரணம் என்றால் இரண்டு பக்கமும் சேர்ந்தல்லவா குளிர வேண்டும்! இன்னொரு வேடிக்கை, பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவதே ஜனவரி தொடக்கத்தில்தான், சுமார் 14.7 கோடி கிலோமீட்டர், ஜூலையில்தான் 15.2 கோடி.

மறுநாள் வகுப்பில் ஜன்னல்களைச் சாத்தச் சொல்லிவிட்டு டார்ச் லைட்டை என் கையில் கொடுத்துப் பின்சுவர் ஓரமாக நிற்க வைத்தார். உருண்டையின் அச்சு 23½ பாகை சாய்ந்திருந்தது. அதன் மேல் பாதி என் பக்கம் சாய்ந்தபடி இருக்க, வகுப்பிலேயே சுட்டியான ஒருவனைக் கூப்பிட்டு, "60 பாகைக் கோட்டில் விரலை வைத்து, வெளிச்சத்தில் எத்தனை நெட்டுக்கோடு இருக்கு எண்ணு, ஒரு கோடு ஒரு மணி நேரம்" என்றார். மொத்தம் 24 கோடுகளில் பதினெட்டுக்கு மேல் வெளிச்சத்தில் இருந்தன. அப்புறம் உருண்டையை அசைக்காமல் என்னை மட்டும் எதிர்ச்சுவருக்குப் போகச் சொன்னார், ஆறு மாதம் கழிந்துவிட்டது என்று கணக்கு. அதே கோட்டில் இப்போது ஆறுகூடத் தேறவில்லை. நம்ம ஊர்ப் பக்கம் போகும் 10 பாகையில் எண்ணினால் பின்சுவரிலிருந்து பன்னிரண்டரைக்குக் கொஞ்சம் மேல், எதிர்ச்சுவரிலிருந்து பதினொன்றரை. "நமக்கென்னடா, வருஷம் முழுக்க ஒரு மணி நேரச் சில்லறைதான் வித்தியாசம்" என்றார் சார். 66½ பாகைக்கு மேலே எண்ணவே வேண்டியதில்லை, ஒன்று எல்லாக் கோடும் வெளிச்சம் அல்லது எல்லாமே இருட்டு.

சரி, அந்த 60 பாகைக்குப் பக்கத்தில்தான் இப்போது குடியிருக்கிறேன். பகல் நீளமும் குட்டையுமாக இருக்கும் என்று தெரிந்துதான் வந்தேன், ஆனால் அது மாறும் வேகத்துக்கு யாரும் என்னைத் தயார்ப்படுத்தவில்லை. மார்ச்சில் ஒரு நாளைக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் பகல் நீள்கிறது, ஒரு வாரம் சேர்ந்தால் முக்கால் மணி நேரத்தை நெருங்குகிறது, போன வாரம் இருட்டில் நடந்த தெருவில் இந்த வாரம் வெயில் கண்ணில் அடிக்கிறது. ஜூனிலும் டிசம்பரிலுமோ நாளுக்குச் சில விநாடிதான், அசையவே மாட்டேன் என்கிறது. ஊஞ்சலைப் பாருங்கள், நடுவில் வரும்போது விர்ரென்று போகும், இரண்டு முனையிலும் ஒரு கணம் நின்று திரும்பும், அதே கதைதான்.

சம இரவு நாளில் பகல் சரியாக 12 மணி நேரம் என்று படித்தோமே, அதுவும் முழு உண்மையில்லை. காற்று மண்டலம் ஒளியை வளைப்பதால் சூரியன் தொடுவானத்துக்குக் கீழே இருக்கும்போதே நம் கண்ணுக்குத் தெரிந்துவிடும். போதாததற்கு வட்டத்தின் மேல் விளிம்பு எட்டிப் பார்த்தாலே உதயம் என்று கணக்கு. அதனால் பூமத்திய ரேகையில்கூட 12 மணி 7 நிமிடம் வரும்.

மிகக் குறுகிய பகல் டிசம்பர் 21 வாக்கில் வந்தாலும், மாலை அதற்குச் சில நாள் முன்பே நீளத் தொடங்கிவிடும். காலைதான் அதற்குப் பிறகும் தாமதமாகிக்கொண்டே போகும். கடிகாரத்தின் நண்பகலும் சூரியனின் உச்சிப்பொழுதும் ஒன்றல்லவே. இதை எழுத உட்கார்ந்த அன்று சூரியன் மறைந்தது 3.12க்கு. மலர்க் குழு கொடுத்த கெடுவெல்லாம் தாண்டி இன்று முடிக்கிறேன், 3.14.