இலக்கமே பெயரான ஊர்கள்: நாவிதன்வெளியில் ஒரு புதிர்ப் பெட்டி

கல்முனையிலிருந்து சேனைக்குடியிருப்பைத் தாண்டி, கிட்டங்கித் தாம்போதியால் (வெள்ளம் மேலால் பாயக்கூடிய தாழ்வான பாலவீதி) மேற்கே அம்பாறை மாவட்டத்து நாவிதன்வெளிக்குள் போனால் ஊர்களின் பெயர் இலக்கமாக மாறத் தொடங்கும். 4ஆம் கொலனி, 6ஆம் கொலனி, 12ஆம் கொலனி, 7ஆம் கிராமம், 15ஆம் கிராமம். 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைந்தது. பட்டிப்பளை ஆற்றை இங்கினியாகலையில் மறித்து சேனாநாயக்க சமுத்திரத்தைக் கட்டியபோது, அதன் நீரை நம்பித் திட்டமிட்டுக் குடியேற்றிய ஊர்களின் இலக்கங்கள் இவை. ஜியோகேஷிங் விளையாட்டில் புதிர்ப் பெட்டி வைக்க இதைவிடப் பொருத்தமான நிலம் கிழக்கில் குறைவு.

2000ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் தொடங்கிய இந்த விளையாட்டில் ஒருவர் பெட்டியை மறைத்து வைப்பார், மற்றவர்கள் ஜிபிஎஸ் துணையோடு தேடுவார்கள். புதிர் வகையில் வரைபடத்தில் தெரியும் புள்ளி பொய்ப் புள்ளி. அங்கே பெட்டி இருக்காது. விடைகளைக் கண்டுபிடித்தால்தான் பெட்டி இருக்கும் இடத்தைக் காட்டும் உண்மையான ஆள்கூறு கிடைக்கும். பொய்ப் புள்ளிக்கும் பெட்டிக்கும் இடையே 3.2 கிலோமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. பக்கத்தில் வேறு பெட்டி இருந்தால் 161 மீற்றராவது தள்ளி வைக்க வேண்டும்.

ஆள்கூறு பாகையும் தசம நிமிடமுமாக எழுதப்படும். பாகையையும் முழு நிமிடத்தையும் வெளிப்படையாகக் கொடுத்துவிட்டு, தசமப் புள்ளிக்குப் பின்வரும் மூன்று இலக்கங்களை மட்டும் மறைப்பது வழக்கம். வடக்குக்கு அ, ஆ, இ. கிழக்குக்கு ஈ, உ, ஊ. புதிர் அமைப்பவர்கள் அதிகம் கோட்டை விடுவது இங்கேதான். ஆறு இலக்கங்களுக்கும் ஒரே பெறுமதி இல்லை. முதல் இலக்கத்தில் ஒன்று பிசகினால் ஏறக்குறைய 185 மீற்றர் விலகும், இரண்டாவதில் 18.5 மீற்றர், மூன்றாவதில் 1.85 மீற்றர். நாம் நிலநடுக்கோட்டுக்குக் கிட்ட இருப்பதால் கிழக்குப் பக்கத்துக்கும் கிட்டத்தட்ட இதே கணக்குத்தான். ஆகவே அசையாத விடைகளை அ, ஈ இடங்களில் வையுங்கள். சபை அமைந்த 1949இன் கடைசி இலக்கம் 9. மட்டக்களப்பிலிருந்து பிரிந்து அம்பாறை தனி மாவட்டமான 1961இன் கடைசி இலக்கம் 1. களத்தில் எண்ண வேண்டியவை இ, ஊ இடங்களுக்குப் போகட்டும். மதகின் கண்களை ஒருவர் ஐந்தென்றும் இன்னொருவர் ஆறென்றும் எண்ணினாலும் இரண்டு மீற்றருக்குள் முடிந்துவிடும். அதே பிழை அ இடத்தில் வந்தால் ஆள் வயல்வட்டைக்கு நடுவில் நிற்பார்.

கேள்வியின் வாசகமும் இறுக்கமாக இருக்க வேண்டும். 'அணை எந்த ஆண்டு முடிந்தது' என்று கேட்காதீர்கள். வேலை முடிந்தது, நீர் நிரம்பியது, திறப்பு விழா நடந்தது என்று ஆளுக்கொரு ஆண்டைச் சொல்வார்கள். 'குடியேறியவருக்கு எத்தனை ஏக்கர்' என்பதும் ஆகாது. முதலில் வந்தவர்களுக்கு 4 ஏக்கர் வயலும் 3 ஏக்கர் மேட்டுநிலமும் கிடைத்தன. பின்னால் அளவு குறைந்தது. 'தொடக்கத்தில் ஒரு குடும்பத்துக்கு வழங்கிய வயல் எத்தனை ஏக்கர்' என்று கேட்டால் 4 தவிர வேறு விடை வராது.

களக் கேள்விக்கு வர்ணம் தீட்டிய பலகையை நம்ப வேண்டாம். வீதி திருத்தினால் பலகை போய்விடும். அடிக்கல்லில் வெட்டிய ஆண்டும் மதகுச் சீமெந்தில் பதித்த இலக்கமும் நிலைக்கும். ஊர் இலக்கங்களை வைத்துத் தூரம் ஊகிக்கவும் கூடாது; அடுத்தடுத்த இலக்கம் அடுத்தடுத்த ஊராகவே இருக்கும் என்று நிச்சயமில்லை. வாய்க்கால் கிளைகளில் குழப்பம் வந்தால், வயல்களுக்கு நீர் பாய்ச்சுவதைக் கவனிக்கும் வட்டவிதானையைக் கேளுங்கள்.

விடையைச் சரிபார்க்க ஆறு இலக்கங்களின் கூட்டுத்தொகையைக் கொடுப்பார்கள். அது போதாது. 9, 4, 6, 1, 2, 5 என்று வைத்துக்கொண்டால் கூட்டு 27. நாலையும் ஆறையும் இடம் மாற்றினாலும் 27தான். முதல் இலக்கத்தை 1ஆல், இரண்டாவதை 2ஆல், இப்படி ஆறாவதை 6ஆல் பெருக்கிக் கூட்டினால் 79 வரும். இடம் மாறினால் 77 ஆகிவிடும், பிழை உடனே தெரியும்.

கைபேசி வரைபடத்தில் போடும்போது இன்னொரு பொறி. 7 பாகை 25.500 நிமிடம் என்பது 7.42500. நிமிடத்தை அறுபதால் பிரிக்காமல் 7.25500 என்று தட்டினால் 19 கிலோமீட்டர் தெற்கே இழுத்துப் போகும்.

1956 ஜூனில் கல்லோயாவில் தமிழருக்கு எதிராக வன்முறை வெடித்தது. பிறகு வந்த போரிலும் இங்குள்ள மக்கள் இடம்பெயர்ந்தார்கள். பெட்டியின் விவரக்குறிப்பில் இதைச் சொல்லத்தான் வேண்டும், மறைப்பது நேர்மையல்ல. ஆனால் யார் எங்கே இருந்தார்கள், எத்தனை பேர் போனார்கள் என்பதை இலக்கப் புதிராக்காதீர்கள். வாய்க்கால், காணி, கட்டடம் பற்றிக் கேளுங்கள்.

பெட்டிக்கு, மூடியில் ரப்பர் வளையமுள்ள ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பெட்டி, அரை லீற்றர் அளவு போதும். உள்ளே ஸிப் வைத்த பிளாஸ்டிக் பையில் குறிப்புப் புத்தகம், ஒரு பென்சில், இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம். பேனை வேண்டாம், ஈரத்தில் மை கலங்கும். கறுப்பு நாடா சுற்றிய குழாயைப் பற்றைக்குள் வைத்தால் இந்த மாவட்டத்தில் யாரும் விளையாட்டுப் பொருளென்று நினைக்க மாட்டார்கள், பொலிஸ்தான் வரும். வெளியே தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் என்ன பொருளென்று எழுதி ஒட்டுங்கள். காணிக்காரரின் வெளிப்படையான அனுமதியில்லாமல் மண்ணைத் தோண்டிப் புதைப்பது விளையாட்டின் விதிப்படியே தடை. படை முகாம், பாடசாலை, கோயில், பள்ளிவாசல் வளவுகளைத் தவிர்த்து, காணிக்காரரிடம் அனுமதி வாங்கி, கிராம சேவகரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். கடைக்காரர் ஒருவரின் சம்மதத்தோடு கடையடியில் வைப்பதே எங்கள் தெரிவு. நாலு கண் பார்த்துக்கொண்டிருக்கும்.

நவம்பர் முதல் ஜனவரி வரை போகாதீர்கள். கிட்டங்கியில் வெள்ளம் பாய்ந்து போக்குவரத்து நிற்பது வழமை. பெப்ரவரி, மார்ச்சில் பெரும்போக அறுவடை. வீதியோரம் நெல் காயும், மோட்டார் சைக்கிளை ஏற்றிவிடாமல் மெதுவாகப் போங்கள். காலை ஏழு மணிக்குத் தொடங்கினால் வெயில் ஏறுமுன் களக் கேள்விகளை முடிக்கலாம். மத்தியமுகாம் என்ற ஊர்ப் பக்கம் யானை வரும். மாலை ஐந்துக்குப் பிறகு பெட்டி கிடைக்காவிட்டாலும் கிட்டங்கி பக்கம் திரும்பிவிடுங்கள்.