ஹான்டார்ஃப்: நள்ளிரவில் நடந்த பெண்களின் ஊர்

நேற்று ராத்திரிதான் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரத்துக்குத் திரும்பினேன், கோபம் இன்னும் ஆறவில்லை. பக்கத்து மலையூரான ஹான்டார்ஃபில் கை காட்டியும் பஸ் நிற்காமல் போய்விட்டது. அடுத்ததற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல், குளிர் வேறு. வந்த டாக்சிக்காரர் மீட்டர் கிடையாது, 140 டாலர் என்றார். வெறும் 28 கிலோமீட்டருக்கு! மூன்று நாள் சாப்பாட்டுக் காசு. வேறு வழியில்லை, கொடுத்தேன்.

மலையிறங்கும்போது அந்தப் பெண்கள்தான் மனதில் ஓடினார்கள். 1839-இல் ஊர் உருவான புதிதில், காய்கறி, வெண்ணெய், முட்டைக் கூடைகளோடு நள்ளிரவில் கிளம்பி, இதே மலையை நடந்தே கடந்து, விடியும்போது அடிலெய்டு சந்தையில் நிற்பார்களாம். திரும்பும்போது தேவாலயம் கட்ட ஆளுக்கு இரண்டு செங்கல் சுமந்து வந்ததாகச் சொல்கிறார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அவர்கள் பிரஷ்யா என்ற அன்றைய ஜெர்மன் நாட்டின் லூத்தரன் கிறிஸ்தவக் குடும்பங்கள். அரசர் தன் இஷ்டத்துக்கு வழிபாட்டு முறையை மாற்ற, மறுத்துக் கப்பலேறினார்கள். 'ஸீப்ரா' கப்பல் 1838 டிசம்பர் 28 அன்று வந்து சேர்ந்தது. கேப்டன் டிர்க் ஹானுக்குத் தன் பயணிகளைப் பிடித்துப்போய், நிலக்காரர்களிடம் பேசி 100 ஏக்கர் ஏற்பாடு செய்தார். ஹானின் கிராமம் என்பதுதான் ஊரின் பெயர். முதல் உலகப் போரில் ஜெர்மன் பெயர் ஆகாது என்று ஆம்பிள்சைடு ஆக்கினார்கள், 1935-இல்தான் பழைய பெயர் திரும்பியது.

ஆனால் அதற்கும் முன்னால் இது பெராமாங்க் என்ற பூர்வகுடி மக்களின் புகார்டில்லா. கேப்டன் பேரம் பேசியது அவர்களிடம் அல்ல. நான் பார்த்த கடைத்தெருப் பலகைகளில் ஹான்தான் நிறைந்திருக்கிறார், இது சரியில்லை.

சாப்பாடு? பொரித்த பிராட்வர்ஸ்ட் சாசேஜ், புளித்த முட்டைக்கோஸ், கடுகு விழுது. முட்டைக்கோஸின் புளிப்பு நம் நாக்குக்கு அப்படிப் பொருந்துகிறது! விலை அதிகம்தான், இருந்தாலும் இரண்டாவது தட்டும் வாங்கினேன். நினைவுப்பொருள் கடைகளில் காசைக் கரைக்காதீர்கள். 1857-இல் பள்ளிக்கூடமாகக் கட்டிய ஹான்டார்ஃப் அகாடமிக்குப் போங்கள், இப்போது அதில் அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கேதான் எனக்கு நேரம் போனதே தெரியவில்லை.

அப்புறம், அந்தப் பெண்கள் நடந்த பாதை இன்னும் இருக்கிறது, அடிலெய்டின் புறநகரான போமான்ட் வரை சுமார் 26 கிலோமீட்டர். அடுத்த முறை அதில் நடக்கப்போகிறேன். யாராவது கூட வருகிறீர்களா?