ஸ்னோமொபைலும் டோரத்தி பேஜும்

1960களில் ஸ்னோமொபைல் என்ற, பனியில் ஓடும் எஞ்சின் வண்டி வந்ததும் அலாஸ்கா கிராமங்களில் நாய்ச் சறுக்குவண்டிகள் மறைய ஆரம்பித்தன. எஞ்சினுக்குப் பெட்ரோல் போதும்; நாய்களுக்கோ கோடையிலும் மீன் போட்டாக வேண்டும். யாரைக் குறை சொல்வது?

வசில்லா ஊரில் இருந்த டோரத்தி பேஜ் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. ரஷ்யாவிடமிருந்து அலாஸ்காவை அமெரிக்கா வாங்கி 1967-இல் நூறு வருடம். அந்த விழாவுக்குப் ஐடிடராட் என்ற பழைய நாய்வண்டிப் பாதையில் ஒரு பந்தயம் நடத்தலாம் என்றார். பலர் காது கொடுக்கவில்லை. நாய்கள் வளர்த்த ஜோ ரெடிங்டன் மட்டும் சரி என்றார்.

பரிசு 25,000 டாலர். பணத்துக்கு ஜோவும் மனைவியும் தங்கள் நிலத்தில் ஒரு ஏக்கரைச் சதுர அடி சதுர அடியாக, அடி 2 டாலருக்கு விற்றார்கள். நம் ஊர் மனை வியாபாரிகளுக்கே தோன்றாத யோசனை!

1973-இல் பந்தயம் நோம் நகரம் வரை நீண்டது, சுமார் 1,600 கிலோமீட்டர். டோரத்தி 1989-இல் இறந்தார். ‘ஐடிடராட்டின் தாய்’ என்றே இன்றும் சொல்கிறார்கள்.

அப்புறம் ஒரு வேடிக்கை: இப்போது பந்தயத்துக்கு முன் பனியை அமுக்கி, நாய்களுக்குத் தடம் போட்டுக் கொடுப்பது ஸ்னோமொபைல்கள்தான்.