அறுந்த நரம்பு வளர்ந்து வந்த வழி

கண்ணாடி கிழித்ததில் வலது மணிக்கட்டில் மீடியன் நரம்பு முழுதாக அறுந்துவிட்டது. நுண்ணோக்கி வைத்து இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைத்தார்கள். தைத்த பிறகும் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் மரத்தே கிடந்தன. ஏன் என்று அறுவை மருத்துவரிடம் கேட்டேன். அவர் பொறுமையாகச் சொன்ன விளக்கம்தான் அடுத்து வந்த மாதங்களைத் தாண்ட வைத்தது.

வெட்டுக்குக் கீழே உள்ள நரம்பிழைகளைத் தையல் காப்பாற்றாது. அவை சிதைந்துவிடும், மேல்முனையிலிருந்து புது இழை வளர்ந்து வரவேண்டும். அதற்கு வழி போடுபவை ஷ்வான் செல்கள், அதாவது நரம்பிழைகளுக்குத் துணைநிற்கும் கிளையல் செல்கள். சாதாரண நாட்களில் தடித்த இழைகளைச் சுற்றி மயலின் என்ற, சமிக்ஞையை வேகமாகக் கடத்த உதவும் கொழுப்பு உறையாகச் சுருண்டிருப்பவை, இழை அறுந்ததும் வேலையையே மாற்றிக்கொள்கின்றன. பழைய மயலினை உடைத்து, மேக்ரோஃபேஜ் என்ற விழுங்கும் நோயெதிர்ப்புச் செல்களோடு சேர்ந்து கழிவை அகற்றுகின்றன. அப்புறம் பெருகி, வரிசையாக நின்று, வளர்ச்சியைத் தூண்டும் புரதங்களைச் சுரக்கின்றன. மூளையிலும் தண்டுவடத்திலும் மயலின் போடும் செல்கள் இப்படி மாறுவதில்லை. அடிபட்டது கையில் என்பதே எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

வளரும் வேகம் நாளுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர். பிசியோதெரபிஸ்ட் மணிக்கட்டிலிருந்து உள்ளங்கை நோக்கி விரலால் தட்டிக்கொண்டே வருவார். எங்கே தட்டும்போது விரல்நுனி வரை சுருக்கென்று ஓடுகிறதோ, அதுவரை இழை வந்திருக்கிறது என்று அர்த்தம். 1915-இல் பிரெஞ்சு நரம்பியல் மருத்துவர் டினெல் விவரித்த சோதனை இது. பேனாவால் போட்ட குறியை அடுத்த முறை அந்தச் சுருக் தாண்டியிருந்தது. அன்று அழுதேவிட்டேன்.

உணர்வு திரும்பியபோது குழப்பமும் வந்தது. ஆள்காட்டி விரலைத் தொட்டால் நடுவிரலில் தெரிந்தது. சில இழைகள் வேறு பாதையில் நுழைந்துவிடுவதால் இப்படி ஆகுமாம். கண்ணை மூடிப் பஞ்சு, உப்புத்தாள், நாணயம் என்று தொட்டுத் தொட்டுத்தான் மூளையைப் பழக்கினேன்.

நரம்பு அறுந்திருந்தால் தள்ளிப்போடாதீர்கள். இழையே வராமல் மாதக்கணக்கில் காத்திருக்கும் ஷ்வான் செல்கள் மெல்ல மெல்ல வழி போடும் திறனை இழக்கின்றன, தசையும் சுருங்கிவிடும்.

கடைசியாக எடுத்த மின்கடத்தல் சோதனையில் வேகம் இன்னும் கொஞ்சம் குறைவு. புதிதாகப் போட்ட மயலின் பழையதைவிட மெல்லியது, இழை நெடுக அது துண்டு துண்டாகச் சுற்றியிருக்கும், அந்தத் துண்டுகளும் இப்போது குட்டையானவை என்றார் மருத்துவர். சட்டைப் பொத்தானைப் பார்க்காமலே போட முடிகிறது. குளிரில் மட்டும் விரல்கள் இன்னும் வலிக்கின்றன.