டிரை டோக்காய்: டிப்ளமோ தேர்வுக்கு நான் படித்த விதம்

டபிள்யூஎஸ்இடி (ஒயின் படிப்பு நடத்தும் பிரிட்டிஷ் அமைப்பு) டிப்ளமோவில் டி3 என்ற உலக ஒயின்கள் தேர்வை எழுதப் போகிறவர்கள் ஹங்கேரி என்றதும் வழக்கமாக என்ன செய்வார்களோ அதைத்தான் நானும் செய்தேன். டோக்காய் என்ற ஹங்கேரி ஒயின் பகுதி என்றால் அஸூ என்ற இனிப்பு ஒயின், புட்டோன்யோஷ் என்ற இனிப்பு அளவில் ஐந்துக்கு லிட்டருக்குக் குறைந்தது 120 கிராம் சர்க்கரை, ஆறுக்கு 150 என்று மனப்பாடம் பண்ணிவிட்டு அடுத்த நாட்டுக்குப் போய்விட்டேன்.

அப்புறம் ஒரு பயிற்சி நாளில் பெயர் சொல்லாமல் ஊற்றிய ஆறு கிளாஸில் நான்காவதை எடுத்தேன். வெளிர் எலுமிச்சை நிறம், பச்சைப் பேரிக்காயும் சீமைமாதுளையும் கலந்த வாசனை, பல் கூசும் புளிப்பு, துளி இனிப்பு இல்லை, அதாவது டிரை. பிரான்ஸின் லுவார் பகுதியின் செனின் பிளாங்க் என்ற வெள்ளைத் திராட்சை ஒயின் என்று நம்பிக்கையோடு ஒரு பக்கம் எழுதினேன். வந்தது டோக்காய்ப் பகுதியில் மாட் என்ற ஊரின் ஃபுர்மின்ட் என்ற திராட்சையில் செய்த ஒயின். சர்க்கரைக் கணக்கைத் தவிர அந்த மண்ணைப் பற்றி எனக்கு எதுவும் தெரியவில்லை என்பது அன்றுதான் உறைத்தது.

அதனால் சொல்கிறேன், அஸூவில் தொடங்காதீர்கள், திராட்சையில் தொடங்குங்கள். ஃபுர்மின்ட் தாமதமாகப் பழுக்கும், நன்றாகப் பழுத்த பிறகும் புளிப்பை விடாது. 150 கிராம் சர்க்கரை இருந்தும் அஸூ திகட்டாமல் இருப்பது இந்தப் புளிப்பால்தான், டிரை ஒயினில் அதே புளிப்பு மறைந்துகொள்ள இடமில்லாமல் நேராக நாக்கில் வந்து நிற்கிறது. இது மனதில் பதிந்துவிட்டால் இரண்டு பாடம் ஒரே பாடமாகிவிடும்.

அடுத்தது இடம். போட்ரோக் ஆறு திஸாவில் சேரும் இடத்தில்தான் டோக்காய் ஊர் இருக்கிறது. இலையுதிர்காலத்தில் ஆற்றுப் பக்கத்திலிருந்து காலையில் மூடுபனி எழும், பகலில் வெயில் காய்ச்சும், பழத்தில் போட்ரைட்டிஸ் பூஞ்சை பிடித்துச் சுருங்கும். அஸூவுக்கு அதுதான் வேண்டும், டிரை ஒயினுக்கோ பூஞ்சை பிடிக்காத நல்ல பழம் வேண்டும், ஆகவே முன்னதாகவே பறித்துவிடுவார்கள். எல்லா வருடமும் பூஞ்சை ஒரே மாதிரி வராது, இனிப்பு ஒயின் விற்பதும் எளிதில்லை, அதனால் அங்குள்ளவர்களுக்கு டிரை ஒயின் வருமானத்துக்கு ஒரு பிடிமானம். விடையில் இந்தக் காரணங்களை எழுதுங்கள், 'புளிப்பு அதிகம்' என்று மட்டும் எழுதினால் போதாது. டோக்காய்ப் பகுதி ஒயின் தயாரிப்பாளர் இஷ்ட்வான் செப்ஷி 2000 விளைச்சலில் ஊராக்யா என்ற ஒரே தோட்டத்துப் பழத்தில் செய்த டிரை ஃபுர்மின்ட்தான் இன்றைய டிரை ஒயின் அலைக்கு வழி திறந்தது, இதையும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாம். மண்ணைப் பொறுத்தவரை பெரும்பாலும் எரிமலைப் பாறை, டோக்காய் மலையில் முக்கியமாக மேலே லோயஸ் என்ற, காற்று கொண்டுவந்த மண் படிவு, அவ்வளவு போதும்.

பலர் தடுக்கி விழுவது சமொரோட்னி என்ற இன்னொரு டோக்காய் ஒயினில். லேபிளில் 'சாரஸ்' என்று இருந்தால் டிரை, 'ஏடெஷ்' என்றால் இனிப்பு. சாரஸ் சமொரோட்னியும் டிரைதானே என்று ஃபுர்மின்டோடு சேர்த்து எழுதிவிடாதீர்கள், அது முற்றிலும் வேறு. பூஞ்சை பிடித்ததும் பிடிக்காததுமாகக் குலையோடு பறித்து, பீப்பாயில் மேலே ஈஸ்ட் படலம் படர விட்டு முதிர வைப்பது, ஸ்பெயினின் ஷெரி ஒயினைப் போல கொட்டைப்பருப்பு வாசனை வரும்.

சரி, சுவைத்தேர்வு. பன்னிரண்டு ஒயின், இரண்டு தாள், ஒரு தாளுக்கு 90 நிமிடம், அதாவது கிளாஸுக்குக் கால் மணி நேரம். பெயரைக் கண்டுபிடிப்பதைவிட விவரிப்புக்குத்தான் மதிப்பெண் அதிகம். புளிப்பை அளக்க நான் செய்வது இது: ஒரு மிடறு சுவைத்துத் துப்பிவிட்டு, தலையை லேசாகக் குனிந்து வாயைச் சற்றுத் திறந்து காத்திருப்பேன், நாக்கின் அடியில் எச்சில் எவ்வளவு வேகமாக ஊறுகிறது, எவ்வளவு நேரம் ஊறுகிறது என்று பார்ப்பேன். ஃபுர்மின்டில் அது நிற்கவே நிற்காது. இன்னொன்று, ஐரோப்பிய விதிப்படி பொதுவாக 4 கிராம் வரைதான் டிரை, ஆனால் புளிப்பு ஈடுகொடுத்தால் 9 கிராம் வரை டிரை என்று போடலாம், எனவே நடு நாக்கில் லேசான இனிப்பு தட்டுப்பட்டாலும் அதன் லேபிளில் டிரை என்று இருக்கலாம்.

செனினோடு எனக்கு இருந்த குழப்பம் படித்துத் தீரவில்லை. ஐந்து பேர் பணம் போட்டு ஒரு ஃபுர்மின்ட், ஒரு சவென்யேர் (லுவாரின் செனின் ஒயின்), கூடவே ஒரு ஹார்ஷ்லெவெலூ (டோக்காயின் இன்னொரு திராட்சை) வாங்கி அடுத்தடுத்து வைத்துக் குடித்தோம். ஹார்ஷ்லெவெலூவில் பூ வாசனையும் தேனும் முன்னால் வந்தன, செனினில் ஈரக் கம்பளி மாதிரி ஒன்று, ஃபுர்மின்டில் தேய்த்த கல்லின் புகை போல ஏதோ, கடைசியில் ஈறில் மெல்லிய பிடிப்பு. மூன்றையும் ஒரே மாலையில் குடியுங்கள், தனித்தனி நாளில் குடித்தால் இந்த வித்தியாசம் பிடிபடாது.