தகட்டிலிருந்து குறுகும் ரன்னர்

என்ஜினுக்குள் காற்றைக் கொண்டுசெல்லும் இன்டேக் மேனிஃபோல்டில், பிளீனம் என்னும் காற்றறையிலிருந்து சிலிண்டர் ஹெட்டுக்குச் செல்லும் குழாயான ரன்னர் சீராகக் குறுகினால், ஹெட்டின் காற்று நுழைவாயிலான போர்ட்டை நெருங்க நெருங்கக் காற்றின் வேகம் படிப்படியாகக் கூடும் என்பதால், நேர்க்குழாயைப் பயன்படுத்துவதைவிட 2 மி.மீ. அலுமினியத் தகட்டைச் சுருட்டிச் செய்வதையே நான் விரும்புகிறேன். தகட்டுக் கனத்தின் நடுவில் கணக்கிட்ட விட்டம் ஒருமுனையில் 50 மி.மீ., மறுமுனையில் 40 மி.மீ., நீளம் 200 மி.மீ. எனில், விரித்து வரையும் வடிவத்தின் இரு வில்களுக்கும் ஆரம் முறையே ஏறத்தாழ 1000, 800 மி.மீ.; கோணம் 9 பாகை. பெரிய வில்லின் நடுப்பகுதி 3 மி.மீ. அளவே புடைத்திருக்கும், அதைப் பொருட்படுத்தாமல் நேர்கோட்டில் வெட்டினால், சுருட்டிய பின் முனை, அதைப் பொருத்தும் தட்டையான விளிம்புத் தகடான ஃபிளாஞ்சில் சமமாக அமராது. இந்த மெல்லிய வளைவில்தான் வேலையின் நேர்த்தியே அடங்கியிருக்கிறது. டிக் வெல்டிங் (டங்ஸ்டன் மின்முனையால் மந்த வாயுவில் செய்யும் பற்றவைப்பு) செய்யும்போது, வெப்பத்தில் கோணாமலிருக்க ஃபிளாஞ்சைத் தடித்த தகட்டில் போல்ட் போட்டு இறுக்கி, முழுவதும் ஆறிய பின்னரே கழற்ற வேண்டும். உள்ளே துருத்தும் வெல்டைத் தேய்த்துச் சமன் செய்துவிடலாம்.