கால் கழுவுதல்: தவக்காலக் குறிப்புகள்

12.02.2024, திங்கள்

விடிய அம்மாவின் காலைக் கழுவிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அண்ணா. கனடாவில் இன்னும் ஞாயிறு இரவு. அமெரிக்காவில் சுப்பர் போல் என்று பெரிய ஃபுட்போல் இறுதிப் போட்டியாம், அதன் இடையில் இயேசுவுக்கு விளம்பரம் போனதாம், பார் பார் என்று வீடியோவும் அனுப்பிவிட்டார். ஒரு கையில் சேலைன் போத்தல், மற்றக் கையில் போன். படங்கள் மாறி மாறி வந்தன. ஒரு பொலிஸ்காரர் கறுப்பினப் பெடியனின் காலைக் கழுவுகிறார், கடற்கரையில் ஒரு பாதிரியார் இன்னொருவரின் காலைக் கழுவுகிறார். கடைசியில் இயேசு வெறுப்பைக் கற்பிக்கவில்லை, கால்களைக் கழுவினார் என்று எழுத்து.

எல்லாம் வடிவான கால்கள். ஒன்றிலும் புண் இல்லை.

13.02

அந்தப் போட்டியில் விளம்பரம் போட 30 செக்கனுக்கு 70 லட்சம் டொலர் அளவிலாம். டொலருக்கு 313 ரூபாய் போட்டுப் பார்த்தேன், 219 கோடி. அது ஒரு நிமிட விளம்பரம். இரண்டால் பெருக்காமல் போனை வைத்துவிட்டேன்.

14.02

சாம்பல் புதன். கோயிலுக்குப் போகவில்லை. புண்ணின் மணம் மாறியிருக்கிறது.

17.02, சனி

நித்திரை இல்லை, அதனால் இதையே தேடித் தேடி வாசித்தேன். 'ஹீ கெட்ஸ் அஸ்', அவர் எங்களைப் புரிந்துகொள்கிறார் என்ற பெயரில் இந்த விளம்பரங்களை 2022இல் தொடங்கியிருக்கிறார்கள், போன வருடப் போட்டியில் இரண்டு விளம்பரம், 2 கோடி டொலர் அளவில். காசு கொடுத்தவர்களில் ஹொபி லொபி கடைகளின் டேவிட் கிரீன் தானும் ஒருவர் என்று அவரே சொல்லியிருக்கிறார், மற்றவர்களில் பலர் பெயர் வெளியில் வரவில்லை. வலக்கை கொடுப்பது இடக்கைக்குத் தெரியக்கூடாது என்பது இப்படித்தானாக்கும்! பாவம், மனந்திரும்புதல் பற்றி ஒரு வார்த்தை இல்லையே என்று ஒரு பக்கம் ஏசுகிறது. இந்தக் காசுக்கு எத்தனை பேருக்குச் சோறு போடலாம் என்று மற்றப் பக்கம். நான் இரண்டாவது பக்கம். சோறு என்றால் எனக்கு உடனே கஞ்சிதான் ஞாபகம் வரும், வரிசையும்.

18.02

அண்ணாவின் சபையும் உயிர்த்த ஞாயிறுக்குத் தமிழ்த் தொலைக்காட்சியில் அரை மணித்தியாலம் வாங்குகிறார்களாம். அவர் 1,000 டொலர் நேர்ந்திருக்கிறார். "ஒரு ஆத்துமா வந்தாலும் போதும்" என்றார். நான் ஓம் என்றேன். வேறு என்ன சொல்ல, இந்தச் சேலைன் போத்தலும் அவர் காசுதான்.

25.02, ஞாயிறு

இன்றைக்கு அம்மாவிடம் வாயைக் கொடுத்துவிட்டேன். ரீவியில் கூவித்தான் கடவுள் வரவேணுமோ என்று கேட்டேன். அம்மா காலை நீட்டியபடியே, "அப்ப வெரித்தாஸுக்குக் காசு ஆர் குடுத்தது? நீயோ? கொப்பரோ?" என்றார்.

வெரித்தாஸ் என்றால் பிலிப்பைன்ஸிலிருந்து வந்த கத்தோலிக்க ரேடியோ. சண்டையால் பற்றரி வன்னிக்குள் வராத காலம் அது. அப்பா சைக்கிளைத் தலைகீழாக முற்றத்தில் நிறுத்திப் பெடலைக் கையால் சுற்றுவார், டைனமோவிலிருந்து வயர் ரேடியோவுக்குப் போகும். பக்கத்து வளவுக்காரரும் வந்து குந்திவிடுவார்கள். கை ஓய்ந்தால் பிலிப்பைன்ஸும் ஓய்ந்துவிடும், உடனே எல்லோரும் "சுத்துங்கோ அண்ணை" என்று கத்துவார்கள். சிற்றலை என்றால் சும்மா வருமா, எங்கேயோ இருந்த முகம் தெரியாத சனம்தான் கட்டியிருக்கிறது. அந்தக் காசுக்குச் சோறு போட்டிருக்கலாம் என்று அன்றைக்கு நான் சொல்லவில்லை. செய்திக்காகத்தானே கேட்டோம் என்று சொல்லப் பார்த்தேன். "செபமும் கேட்டனாங்கள்" என்றார். 2018இல் அந்தச் சிற்றலையையும் நிற்பாட்டிவிட்டார்கள்.

03.03

அம்மாவின் இரத்தத்தில் சீனி 290.

07.03, வியாழன்

முழங்காவிலில் பஸ் ஏறி யாழ்ப்பாணம், கிளினிக். சங்குப்பிட்டிப் பாலத்தில் அம்மா யன்னல் பக்கம் இருந்து செருப்பைக் கழற்றி, கட்டுப்போட்ட காலுக்குக் காற்றுப் பிடித்துக்கொண்டு வந்தார். இரண்டாவது விரலை எடுக்க வேண்டுமாம். திரும்பி வரும்போது மற்ற ஒன்பதும் இருக்குத்தானே என்றார்.

10.03

அண்ணா சாட்சி கேட்கிறார். அம்மா காமிராவைப் பார்த்து, ஆண்டவர் சுகம் தந்தார் என்று சொல்ல வேண்டுமாம், நிகழ்ச்சியில் போடுவார்களாம். சுகம் வரவில்லையே என்றேன். விசுவாசத்தோடு முன்கூட்டிச் சொல்லலாம் என்கிறார். நான் போனை வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போய் ஒரு வேலையும் இல்லாமல் நான்கு வாளி தண்ணி அள்ளினேன்.

25.03, புனித வாரத் திங்கள்

பின்னேரப் பூசையில் பெத்தானியா வாசகம். மரியா விலை கூடிய தைலத்தை இயேசுவின் காலில் ஊற்றித் தலைமயிரால் துடைக்கிறாள், இதை 300 தெனாரியத்துக்கு விற்று ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்கிறான் யூதாஸ். கூலிக்காரனின் ஒரு வருடச் சம்பளத்துக்குக் கிட்ட.

ஒன்றரை மாதமாக நான் கேட்பதும் இதைத்தான். பணப்பை அவன் கையில் இருந்ததாம். அண்ணா அனுப்பும் காசு என் கையில். போன மாதம் அதில் 2,000 எடுத்து என் போனுக்குப் போட்டேன், இந்த விளம்பரங்களை வாசித்ததும் அந்த டேட்டாவில்தான்.

ஆனால் மரியா ஊற்றியது அவளுக்கு முன்னால் இருந்த காலில். கட்டு மாற்றும்போது இப்படி யோசித்தேன், அது சரியாகவும் பட்டது. இப்போது எழுதும்போது அவ்வளவு சரியாகத் தெரியவில்லை.

28.03, பெரிய வியாழன்

போன வருடம் கால் கழுவ எடுத்த பன்னிரண்டு பேரில் அம்மாவும் ஒருவர். வீட்டிலேயே இரண்டு தரம் சோப்புப் போட்டுத் தேய்த்து, நகம் வெட்டி, பவுடரும் பூசிக்கொண்டு போனார், ஃபாதருக்கு முன்னால் ஊத்தைக் காலை நீட்டுவதா என்று. இந்த முறை மணிச் சத்தம் கேட்டபோது நாங்கள் கட்டு மாற்றிக்கொண்டிருந்தோம்.

29.03

வீடியோ எடுத்தோம். அம்மாவே கேட்டார், "அவன் நேர்ந்துபோட்டான், பாவம்." காலைப் போர்வையால் மூடச் சொன்னார். சுகம் வந்தது என்று சொல்லவில்லை. "மகன் ஒவ்வொரு மாசமும் காசு அனுப்பிறான், மகள் ஒவ்வொரு நாளும் கழுவிறாள், ஆண்டவருக்குத் தோத்திரம்" என்றார். 41 செக்கன். அண்ணா 30 ஆக்கித் தரச் சொல்கிறார்.

30.03

திங்கள் வந்து வாட்டில் சேரட்டாம். நுளம்பு வலை, பிளாஸ்க், இரண்டு சோட்டி. வீடியோ இன்னும் அனுப்பவில்லை.